குழவி இல்லாத பதின்மூன்று அம்மிகள்

உன் அகராதியைத் திறந்தால் இன்னும் வசம்பு வாடைதான் முதலில் வருகிறது. பூச்சி அரிக்கக் கூடாது என்று நான்கைந்து இடங்களில் வசம்புத் துண்டை நீ செருகி வைத்திருந்தாயே, அதில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. பிய்ந்த அட்டையோடும் முதுகில் நீ ஒட்டிய பழுப்பு டேப்போடும் அது என் மேசையில் ஃபைல்களுக்கு அடியில் கிடந்தது. போன மாதம் அப்பீல் நோட்டீஸ் வந்த அன்றுதான் வெளியே எடுத்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் அதைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை என்பதே உண்மை.

நோட்டீசில் அதே பழைய சொல் மறுபடியும் வந்திருந்தது. டெரிலிக்‌ஷன். நீ பென்சிலால் அடிக்கோடு போட்ட பக்கம் தானாகவே திறந்துகொண்டது. வாழ்ந்த இடத்தையோ உடைமையையோ, இனித் திரும்புவதில்லை என்ற எண்ணத்தோடு விட்டுவிடுதல். இந்தப் பொருளில் பழைய வழக்கு. ஓரத்தில் உன் இடது கைச் சாய்வெழுத்தில், 'எண்ணம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். அடுத்த வாரம் கோர்ட்டில் தடுமாறாமல் வர வேண்டும், உன்னிடம் சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும்.

தஞ்சாவூர் ஜில்லாவில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையை ஒட்டிப் பதின்மூன்று வீடுகள் கொண்ட எங்கள் தெரு. கூலி வேலைக்காரர்களின் தெரு. என் பாட்டன் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறோம். அந்தக் காலத்தில் ஊர் நிலம் முழுக்க ஒரே பண்ணையில் இருந்தது. பண்ணையின் வாரிசுகள், நாங்கள் குடியிருக்கும் மனை தங்களுடையது, காலி செய்ய வேண்டும் என்று கேஸ் போட்டார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டியது ஒரு கடிதம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பண்ணை மேனேஜர் ஒருவர் கலெக்டர் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கம். ஆறு உடைத்துக்கொண்டு வயலெல்லாம் மணல் மூடிய வருஷம், அந்தத் தெருவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இடத்தை விட்டுப் போய்விட்டார்கள், ஆகவே மனை பண்ணைக்கே திரும்பியது என்று அதில் எழுதியிருந்தார். போனதற்கு அவர் போட்ட சொல்தான் அது. இப்போது இருப்பவர்கள் பிறகு இரக்கப்பட்டு உட்கார வைக்கப்பட்டவர்கள், போ என்றால் போக வேண்டியவர்கள் என்பது அவர்கள் வாதம்.

நாம் இரண்டு பேரும் தஞ்சாவூரில் ஒரே வக்கீல் ஆபீசில் இருந்தோம். நான் ஜூனியர் வக்கீல், நீ மொழிபெயர்ப்பு. பழைய ஆங்கிலப் பத்திரம் எது வந்தாலும் தமிழில் கொடுப்பது உன் வேலை. என் சொந்தத் தெருவின் கேஸ் என் மேசைக்கே வந்தபோது சீனியர் உன்னிடம்தான் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார்.

மறுநாள் நீ கொண்டுவந்த தாளில் 'ஓடிப்போனார்கள்' என்று இருந்தது. எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளை மற்றவர்கள் கூப்பிடும் பெயரே 'ஓடிப்போன தெரு' என்பதுதான். யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பென்சில் இரவல் கேட்டாலும் அந்தப் பெயர் வரும், கபடியில் தோற்றாலும் வரும். அதையே உன் கையெழுத்தில் பார்த்ததும், நீயும் அவர்களில் ஒருத்திதானா என்று கேட்டுவிட்டேன். ஆபீசில் நான்கு பேர் இருந்தார்கள். நீ முகம் சிவந்தாய், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"எழுதினது அந்த ஆளு, நான் இல்ல. உனக்கு வலிக்குதுன்னு நான் வெல்லம் தடவி எழுதுனா, நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீலு அதைத்தான் முதல்ல புடிச்சுக்குவான்" என்றாய்.

சொல்லிவிட்டு நீ சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நானும் வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போன டீ இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கடைசியில் நீயே 'ஓடிப்போனார்கள்' என்பதை அடித்தாய். எனக்காக இல்லை, அது தப்பு என்பதால் அடித்ததாகச் சொன்னாய். வெறுமனே போவதற்கு இந்தச் சொல் செல்லாதாம். போகும்போது, இனி வரமாட்டேன் என்று மனசில் இருக்க வேண்டுமாம். 'திரும்பும் எண்ணம் இன்றி விட்டுப் போனார்கள்' என்று எழுதினாய்.

இது முன்னதைவிட மோசமாக இருக்கிறதே என்றேன்.

"மோசந்தான். ஆனா இப்போ வேலை அவங்களுக்கு. மனசுல என்ன இருந்துச்சுன்னு அவங்கதான் காட்டணும்" என்று சிரித்தாய். உன் சிரிப்பு எப்போதும் ஒரு பக்கம்தான் வரும்.

மிச்சம் இருந்தது இரண்டாம் பக்கம். தெருவைப் பார்வையிட்டபோது குடிசைகளில் என்னென்ன கிடந்தன என்று மேனேஜர் போட்டிருந்த பட்டியல். அதை விட்டுவிடச் சொன்னேன். ஒன்றும் உபயோகமில்லை, ஓட்டைச் சட்டியும் கந்தலும்தான் இருக்கிறது என்றேன். காரணம் அதுவல்ல என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நான் நிற்கும் கோர்ட்டில், என் பாட்டி வீட்டு உடைந்த பானையையும் ஈயம் போன தட்டையும் இன்னொருவர் உரக்கப் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. படித்து வெளியே வந்த எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. வீட்டில் இருந்ததைச் சொல்ல மாட்டோம். நல்ல வேளையாக உனக்கு அந்த வியாதி இல்லை. நான் வேண்டாம் என்றதைக் காதிலேயே வாங்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய் முழுப் பட்டியலையும் எழுதிக்கொண்டு வந்தாய்.

காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாய்:

"ஏன்டி வளர், பதின்மூணு அம்மி இருக்குன்னு எழுதியிருக்கான். குழவி ஒண்ணுகூட இல்லன்னும் எழுதியிருக்கான். அது எப்புடி, பதின்மூணு வீட்டுலயும் குழவிய மட்டும் தூக்கிட்டுப் போவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போவதாவது, அடுப்புக்குள்ளே இருக்கும் என்றேன். நீ புரியாமல் பார்த்தாய். எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. சின்ன வயதில், ஒரத்தநாட்டுப் பக்கம் கடலை பிடுங்க இரண்டு மாதம், மூன்று மாதம் என்று போவார்கள். கிளம்புகிற அன்று அம்மா அடுப்புச் சாம்பலை வழித்துப் போட்டுவிட்டு, குழவியை அடுப்புக்குள் படுக்க வைப்பாள். மேலே களிமண்ணை அப்பி, அடுப்பு இருந்த இடமே தெரியாமல் சாணி போட்டு மெழுகுவாள். திரும்பி வந்ததும் முதல் வேலை அதை உடைத்துக் குழவியை எடுத்துக் கழுவி மிளகாய் அரைப்பது. ஊரை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் மட்டும்தான் குழவியைக் கையோடு எடுத்துப் போவார்கள். அப்படி ஒரு குடும்பம் போனபோது தெருவே நின்று பார்த்து அழுதது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது.

நான் சொல்லிக்கொண்டே போனேன். நீ பேனாவை வைத்துவிட்டாய். பிறகு உன் தாளைத் திருப்பி, பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாய். 'எல்லா அடுப்புகளும் மண்ணால் மூடி மெழுகப்பட்டிருந்தன.' காரணம் தெரியாமலே அந்த மேனேஜர் கண்ணால் கண்டதை ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் திரும்பும் எண்ணமே இல்லை என்றவர், இரண்டாம் பக்கத்தில் பதின்மூன்று வீட்டின் எண்ணத்தையும் தன் கையாலேயே எழுதியிருந்தார். அதைத்தான் நான் கூச்சத்தில் குப்பையில் போடப் பார்த்தேன்.

"எழுந்துக்க. உங்க அம்மாவப் பாத்துட்டு வருவோம்" என்றாய்.

அம்மா உன்னை அன்றுதான் முதலில் பார்த்தாள். சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும் என்றதும், நான் என்னத்தச் சொல்லுவேன், எனக்கு இங்கிலீசு தெரியாதே என்று பயந்தாள். அடுப்பு மெழுகியதைச் சொன்னால் போதும் என்று நீ அவளுக்குத் தைரியம் சொன்னாய். அன்று நம் இரண்டு பேருக்கும் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். நீ மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய்.

கோர்ட்டில் அம்மா நன்றாகச் சொன்னாள். எதிர்க்கட்சி வக்கீல், குழவியைப் புதைத்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி என்று மடக்கியபோது, அவள் என்னையும் பார்க்கவில்லை, சீனியரையும் பார்க்கவில்லை.

"ஐயா, பொதைக்காம போயிருந்தா திரும்பி வந்து எதுல அரைச்சுத் தின்னுருப்போம்? அந்தக் குழவியிலதான் நான் இன்னிக்கும் அரைக்கிறேன். எங்க மாமியா குடுத்தது" என்றாள்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அந்த நாளைப் பற்றி எழுதும்போதுதான் கை நிற்கிறது. ஏனென்றால் அன்று நீ கோர்ட்டில் இல்லை.

நீ திருவையாற்றில் உன் அண்ணன் வீட்டில் படுத்திருந்தாய். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். ஒரே ஒரு தடவைதான் வந்து பார்த்தேன். தலைமுடி போய், கன்னம் ஒட்டி, போர்வைக்குள் நீ இத்தனை சிறியவளாக இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் போனில் வர்றேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வர்றேன், கேஸ் முடியட்டும் வர்றேன். கேஸ் முடிந்தது. போனில் தீர்ப்பைச் சொன்னபோது, மூச்சு வாங்கிக்கொண்டு நீ கேட்டது ஒன்றுதான்: "அம்மா சந்தோசப்பட்டாங்களா?" வருகிற ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர்றேன் என்றேன். மூன்று ஞாயிறுகள் போயின. நான்காவது வாரம் உன் அண்ணன் கூப்பிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது, அதனால் வரவில்லை. இதற்கு உன் அகராதியில் நல்ல சொல்லாகத் தேடப்போவதில்லை. வரும் எண்ணம் இருந்தது என்று உன் சட்டத்தையே உன்னிடம் காட்டித் தப்பிக்கவும் மாட்டேன். மனசில் எண்ணம் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் நான். எங்கள் தெருக்காரர்கள் அப்படி இல்லை. சொன்னபடி வந்தார்கள், வந்து அடுப்பை உடைத்தார்கள்.

உன்னை விட்டுப் போனவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன உன் புருஷன் ஒன்பது வருஷமாகத் திரும்பவே இல்லை. விவாகரத்து மனுவைச் சீனியர் உன்னையே டைப் அடிக்கச் சொல்லி வாசகம் சொன்னார். 'கணவரால் கைவிடப்பட்ட மனைவி' என்று அவர் சொன்னதும் உன் கை நின்றது. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். நீ நிமிர்ந்து அவரைப் பார்த்தாய்.

"கைவிடப்பட்டவன்னு வேணாம் சார். நான் என்ன அவர் கையில இருந்த பொருளா? அவர் போயிட்டார்னு போடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

சீனியர் அப்படியே மாற்றிச் சொன்னார். அந்த மனு நகல் இன்றும் ஆபீசில் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் படித்தேன்.

இப்போது அப்பீலைப் பற்றிச் சொல்கிறேன், கேள். பழைய கடிதம் இனி எடுபடாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் புதிதாக ஒன்று கிளப்பியிருக்கிறார்கள். பதின்மூன்று வீடுகளில் ஐந்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவாம். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய், பெற்றவர்களையும் டவுனுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். ஆகவே அன்று இல்லாவிட்டாலும் இன்று அந்தத் தெரு விட்டுவிடப்பட்ட இடம்தான் என்கிறார்கள். ஐந்து பூட்டுகளுக்கும் போட்டோ வைத்திருக்கிறார்கள். முதல் போட்டோவில் இருப்பது எங்கள் வீட்டுப் பூட்டு. துரு ஏறி, கதவுக்கு முன்னால் நாயுருவி முளைத்துக் கிடக்கிறது. சாட்சி சொன்ன சில மாதத்தில் அம்மாவை அழைத்து வந்து, நான்தான் இரண்டு வருஷமாகத் தஞ்சாவூரில் என் வாடகை வீட்டில் வைத்திருக்கிறேன். நான்தான் அந்தப் பூட்டைப் போட்டேன்.

சீனியர் சமாதானம் பேசலாம் என்றார். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பதின்மூன்று மனை தருகிறோம், தெருவைக் காலி செய்துவிடுங்கள் என்கிறார்களாம். நம் ஆட்களிலேயே இரண்டு பேர் அதற்கு மனசாகிவிட்டார்கள். ஏம்மா, போட்டோ எடுத்துட்டாங்களே, நீயே போய் அங்க இருக்கலையே என்று சீனியர் கேட்டார். மேசைக்கு வந்து உன் அகராதியை எடுத்தது அதன் பிறகுதான். உன் இரண்டு கோடுகளைப் பார்த்து அழுதது போதும் என்று எழுந்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். சத்தம் போடுவாள், வயசான காலத்தில் அலைக்கழிக்கிறாயே என்பாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டினாள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. டவுனுக்கு வந்த அன்று இவள் குழவியைக் கொண்டுவரவில்லை. மிக்சி இருப்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கே வைத்தாய் என்று கேட்டேன்.

"எங்க வைப்பாங்க? அடுப்புலதான்" என்றாள், நான் ஏதோ அறிவில்லாமல் கேட்டுவிட்டதைப் போல.

பூட்டிய அன்று நான் வாசலில் ஆட்டோக்காரரோடு நின்று, நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் கையில் களிமண்ணோடு இருந்திருக்கிறாள். கைகழுவ எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு வருஷம் என்னோடு இருந்து, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மற்ற நான்கு பேரையும் போய்ப் பார்த்தேன். திருச்சிக்கு ஒரு நடை, கும்பகோணத்துக்கு இரண்டு நடை. பூட்டைத் திறந்து விளக்குப் போடுங்கள், மாதத்தில் பாதி நாளாவது வந்து இருங்கள் என்றேன். மூன்று பேர் சாவியைத் தேடி எடுத்தார்கள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் வீட்டுக்கு மறுபடியும் போவேன். சமாதானத்துக்கு மனசான இரண்டு பேரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் போடுவேன். இடத்தைப் பார்க்கக் கோர்ட் அனுப்பும் கமிஷனர் என்றைக்கு வந்தாலும் அவருக்குத் தெருவில் புகை தெரிய வேண்டும்.

அம்மாவிடம் சொன்ன ஐந்தாம் நாள் காலையில் அவளும் நானும் வீட்டைத் திறந்தோம். அடுப்பு இருந்த இடம் மெழுகினபடி மொழுக்கென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் எறும்பு துளைத்திருந்தது. உடைக்கப் போன அம்மாவைத் தடுத்து முதலில் போட்டோ எடுத்தேன். கதவு, மெழுகிய தரை, களிமண்ணில் பதிந்திருந்த அவள் விரல் தடம், எல்லாவற்றையும் எடுத்தேன். பிறகு கடப்பாறையை அவள் கையில் கொடுத்தேன். மூன்றாவது குத்தில் மண் பிளந்தது. உள்ளே குழவி படுத்திருந்தது.

இப்போது எங்கள் வீட்டுப் பொருள்களின் பட்டியலை நானே தயார் செய்து வைத்திருக்கிறேன், உன்னைப் போலவே ஒன்றையும் விடாமல். மூலை நசுங்கிய அலுமினியக் குண்டானும் அதில் இருக்கிறது, ஒட்டுப்போட்ட கோரைப்பாயும் இருக்கிறது. சீனியரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், கோர்ட்டில் அதை நான்தான் படிப்பேன். உரக்கப் படிப்பேன். என் பாட்டி வீட்டுப் பானைகளையும் சேர்த்துப் படிப்பேன்.

இதை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தினமும் காலை பஸ்ஸில் தஞ்சாவூர் போய் சாயங்காலம் திரும்பிவிடுகிறேன். உன் அகராதியையும் இங்கேயே கொண்டுவந்துவிட்டேன், வாய்க்கால் ஈரத்துக்குப் புதிதாக இரண்டு துண்டு வசம்பு வைத்திருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. திருவையாற்றுக்கு வருகிறேன். நீ இருக்க மாட்டாய், உன் அண்ணன்தான் இருப்பார், உன் போட்டோ இருக்கும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் ஏழரை மணி பஸ், ஏறிவிடுவேன். அம்மாவும் வருகிறாள். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புக்கு இப்போதே மிளகாயை ஊறவைத்துவிட்டாள், அம்மியில்தான் அரைப்பேன் என்கிறாள்.